பிரான்சிஸ் பிசைந்த கறி

ஷாஹுல் வந்தது தவக்காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஈரோட்டுக்காரன். அன்புக்கரசியின் கணவன் பிரான்சிஸோடு லித்துவேனியாவில் ஒரே கம்பெனியில் லாரி ஓட்டியவன். விடுமுறைக்கு ஊர் வந்தவன், தன் வீட்டில் பெட்டியை இறக்கி வைத்த மறுநாளே காங்கேயத்துக்குப் பஸ் ஏறியிருந்தான்.

“அண்ணன் சாமானுங்க அக்கா,” என்று ஒரு பையை வாசலிலேயே வைத்தான். உள்ளே வரச் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

பிரான்சிஸ் ஜனவரியில் இறந்துபோனான். போலந்தில் நெடுஞ்சாலை ஓரம் லாரிகள் நிறுத்தும் இடத்தில், கேபினுக்குள் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உடல் கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆனது. உள்ளே தகடு அடித்து, ஓரமெல்லாம் ஈயம் வைத்து மூடிய பெட்டி. திறக்கக் கூடாது என்று ஒப்படைத்தவர்கள் சொன்னார்கள். பங்குச் சாமியாரும் அதையே சொன்னார். அப்படியே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

அவன் அம்மா கருப்பாத்தாளுக்குக் கோயில் பெயர் மரியாள். அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் குழிக்குப் பக்கத்தில் நின்று பெட்டியை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தாள். “மூஞ்சியப் பாக்காம எப்படிச் சாமி மண்ணுப் போடறது?” என்று சாமியாரைக் கேட்டாள். அவர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். கருப்பாத்தாள் மண் போடவும் இல்லை, அழவும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், “லைனு கெடைக்காத எடத்துல இருக்கறானாட்ட இருக்குது,” என்று சொன்னாள். வந்தவர்கள் அன்புக்கரசியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷாஹுல் கொண்டுவந்த பையில் இரண்டு ஸ்வெட்டர், ஷேவிங் செட், ஒரு ஜெபமாலை இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் கவர்மேல் கவர் சுற்றிய ஒன்று. அன்புக்கரசி ஒவ்வொரு கவராக உரித்தாள். கடைசியில் ஒரு பழைய துணி. அதைப் பிரித்ததும் வீடு முழுக்கப் புகை வாசம் எழுந்தது. அடுப்புப் புகை மாதிரி கண்ணைக் கரிக்கவில்லை. ஈரக்கட்டை எங்கோ தூரத்தில் மெல்ல எரிந்து அணைந்த மாதிரி, அதோடு பூண்டும் உப்பும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

ஒரு கைக்குழந்தையின் தலையளவு இருந்தது. கரும்பழுப்பு நிறம். தோல் சுருங்கி, ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் புடைத்து, நடுவில் தையல் போட்ட தழும்போடு இருந்தது. நூல்கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே தொங்கவிட ஒரு வளையம் விட்டிருந்தார்கள்.

“என்னதுங்க தம்பி இது?”

“ஸ்கிலாண்டிஸ்னு சொல்லுவாங்க அக்கா. பன்னிக்கறி. அந்த ஊரு ஜனங்க காலங்காலமா செய்யறதுங்க. நான் கையில தொடமாட்டேன், அது வேற விஷயம். ஆனா அண்ணன் தன் கையால செஞ்சதுங்க. அங்கயே விட்டுட்டு வர எனக்கு மனசு வரலை.”

பிறகு அவன் சொன்னான். லாரி ஓட்டாத நாட்களில் தங்குவதற்குப் பிரான்சிஸ் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டில் அறை எடுத்திருந்தான். வீட்டுக்காரர் யோனாஸ் என்று ஒரு கிழவர். தனியாள். நவம்பரில் கிழவர் பன்றி அடித்தபோது பிரான்சிஸ் கூட நின்றான். இரைப்பையைக் கழுவிக் கழுவி வெள்ளையாக்கினார்கள். கறியைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி, உப்பும் பூண்டும் மிளகும் போட்டுப் பிசைந்து, காற்றுப் புகாமல் இரைப்பைக்குள் அடைத்துத் தைத்தார்கள். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே கல் ஏற்றினார்கள். அப்புறம் தீ தெரியாத வெறும் புகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டார்கள்.

“ஒண்ணு தாத்தா செஞ்சாரு, ஒண்ணு அண்ணன் செஞ்சாருங்க. புகையிலருந்து எடுத்து மச்சுல மாட்டினாங்க. அது பாட்டுக்குத் தொங்கித் தொங்கிப் பழுக்கோணுமாம். ஈஸ்டர் அன்னிக்குத்தான் அறுப்பாங்களாம். லீவு போட்டு வந்து எங்கம்மாவுக்கு நானே அறுத்துக் குடுப்பேன்னு அண்ணன் சொல்லிட்டிருந்தாருங்க.” ஷாஹுல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அண்ணன் போயிட்டாரு. அது மச்சுல தொங்கிட்டேதான் இருந்துச்சு. நான் பொறப்படறப்ப தாத்தாதான் கழட்டிக் கொண்டாந்து கையில குடுத்தாரு.”

கருப்பாத்தாள் அதுவரை சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து அதை இரண்டு கையாலும் தூக்கினாள். கனம் பார்க்கிற மாதிரி ஏந்தி வைத்துக்கொண்டாள்.

“இத அவன் தொட்டானா தம்பி?”

“அவருதான் பிசைஞ்சாருங்க. முழங்கை வரைக்கும் கறியா நின்னாரு.”

“தொங்கவிடோணும்னு சொன்னியல்ல?”

“ஆமாங்க. பிரிட்ஜுல வெக்கப்படாதாம். காத்தாட இருக்கோணும்.”

தவக்காலத்தில் அந்த வீட்டில் கறி சமைப்பதில்லை. எப்படியும் ஈஸ்டர் வரைக்கும் வைத்திருக்க வேண்டியதுதான். அடுப்படியில் எலித் தொந்தரவு. வீட்டில் உயரமாகத் தொங்கவிட ஒரே இடம்தான் இருந்தது. நடு அறையின் விட்டத்தில் தொட்டில் கட்டுவதற்காக ஒரு கொக்கி. கல்யாணம் முடிந்த புதிதில் கருப்பாத்தாளே கொத்தனாரை வைத்து அடித்தது. அதில் தொட்டில் ஏறவே இல்லை. கொஞ்ச நாள் டாக்டர்களிடம் அலைந்தார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். பிரான்சிஸ் வெளிநாடு போனதே அதற்கப்புறம்தான்.

ஷாஹுல் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அன்புக்கரசி ஏறிக் கொக்கியில் அதை மாட்டினாள். அது இரண்டு சுற்றுச் சுற்றி, தையல் போட்ட பக்கம் வாசலைப் பார்க்க நின்றது.

அடுத்த நாளிலிருந்து கருப்பாத்தாளின் போக்கு மாறியது. மகன் இறந்த நாளிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை, சேலையை உதறிக் கட்டியதில்லை. இப்போது விடிந்ததும் குளித்து, வாசல் தெளித்தாள். தட்டுப் போட்டு நடு அறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்புக்கரசிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் வேலை செய்தது தேங்காய்க் களத்தில். காலையில் போனால் வெயில் தாழ்ந்துதான் வருவாள். வீட்டில் அத்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும் என்று நினைத்தாள்.

ஒருநாள் அவள் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினாள். உள்ளே கருப்பாத்தாள் மட்டும்தான் இருந்தாள். கொக்கிக்கு நேர் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாருகூடங்க அத்தை பேசிட்டிருந்தீங்க?”

“அவங்கூடத்தான். தண்ணி வண்டி இன்னிக்கும் வரலைன்னு சொன்னேன்.”

அன்புக்கரசி மேலே பார்த்தாள். காற்று இல்லை. மின்விசிறியும் ஓடவில்லை. அது மெதுவாக, மிகமிக மெதுவாக, ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. சற்று முன் அத்தை எட்டித் தொட்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பங்குனி வெயில் ஏற ஏற அதிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது. தரையில் ரூபாய்க் காசளவுக்கு ஒரு கறை விழுந்தது. துடைத்தால் மறுபடி விழுந்தது. ஒரு காலை அன்புக்கரசி அதற்குக் கீழே குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு அவள் பின்கழுத்தில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கையால் துடைத்து முகர்ந்தவள், விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். கறி வாசமோ கொழுப்பு வாசமோ அது இல்லை. போன வருசம் லீவில் வந்திருந்தபோது பிரான்சிஸ் கழற்றிப் போட்ட ஜெர்க்கினில் இருந்த அதே வாசம். அப்போது, “என்னங்க, அடுப்புக்குள்ளயா குடியிருக்கறீங்க?” என்று கேலி பண்ணியிருந்தாள். அவன் சிரித்துவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டான்.

அன்றைக்குக் களத்தில் வேலை ஓடவில்லை. கொப்பரை வாசம் மூக்கில் ஏறவே இல்லை. பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கருப்பாத்தாள் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். தன் பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்து, கொக்கியில் கட்டி, அந்தக் கறியைச் சேலைக்குள் படுக்க வைத்திருந்தாள்.

“சொட்டுது அம்மணி. தரையெல்லாம் வழுக்குது. அதான் தூளி கட்டிப்போட்டேன்,” என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு கையால் தூளியை ஆட்டிவிட்டாள்.

அப்போதே தடுத்திருக்க வேண்டும் என்று அன்புக்கரசி பிற்பாடு நினைத்தாள். ஈஸ்டர் வந்தால் சரியாகிவிடும், அறுத்துவிட்டால் முடிந்துவிடும் என்று நாளைக் கடத்தினாள்.

ஈஸ்டர் வந்தது. திருப்பலி முடிந்து வந்து, அன்புக்கரசி கத்தியையும் தாம்பாளத்தையும் எடுத்து வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டாள். கருப்பாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

“என்ன பண்ணப் போற?”

“ஈஸ்டர் நோம்பிங்க அத்தை. இன்னிக்குத்தானே அறுக்கோணும்னு அந்தத் தம்பி சொன்னாரு.”

“எம் பையன அறுப்பியா நீ?”

“அத்தை...”

“மூஞ்சியக் காட்டாத ஒரு பொட்டியக் கொண்டாந்து குடுத்து, இதுதான் உம் பையன்னு சொன்னீங்க. நம்பலை நானு. இப்பத்தான் ஊடு வந்து சேந்திருக்கறான். பாரு, எப்படி எளைச்சுப் போயிட்டான்னு. வந்தப்ப இருந்த ஒடம்பா இது?”

அது உண்மைதான். வந்ததைவிடச் சிறுத்திருந்தது. ஈரம் வற்ற வற்ற உள்வாங்கி, கட்டியிருந்த கயிறெல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. தோல்மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அத்தை அதை ஈரத்துணியால் துடைத்துவிடுவதை அன்புக்கரசி பார்த்திருக்கிறாள். குழந்தையைக் குளிக்க வைத்துத் துவட்டுகிற மாதிரி, மடிப்பு மடிப்பாக.

அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். கருப்பாத்தாள் ஒரு கிண்ணத்தில் ஈரலை எடுத்து, தூளிக்குக் கீழே வைத்தாள்.

சாமியாரிடம் சொல்லலாமா என்று அன்புக்கரசி யோசித்தாள். என்னவென்று சொல்வது? அத்தைக்குப் பைத்தியம் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்வார். மற்ற எல்லாவற்றிலும் அத்தை தெளிவாகத்தான் இருந்தாள். ரேஷன் கடைக்குப் போனாள், பாக்கிச் சில்லறையைச் சரியாக வாங்கி வந்தாள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டு நொச்சி இலை பறித்துக் கொடுத்தாள். அந்த ஒன்றில் மட்டும்தான் அப்படி.

ஷாஹுலுக்குப் போன் பண்ணினாள். அவன் லித்துவேனியா திரும்பியிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

“வெயிலு ஜாஸ்தியானா கெட்டுப்போயிடுங்க அக்கா. அந்தக் குளிருக்குச் செஞ்சது. நம்ம ஊரு சித்திரை தாங்காது. எப்படியாவது எடுத்துருங்க,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாந்தான் கொண்டாந்திருக்கப்படாது,” என்றான்.

“அப்படிச் சொல்லாதீங்க தம்பி.”

அவள் உண்மையாகவே அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் அவளுக்குள்ளும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலை வேலைக்குக் கிளம்பி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடு அறையைக் கடந்து வாசலுக்கு வந்தவள், நின்று திரும்பிப் பார்த்தாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. அத்தை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டிவிட்டது யார் என்று ஒரு கணம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த கணம் புரிந்தது. போகிற போக்கில் அவள் கையே ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்திருந்தது. இன்றைக்கு மட்டும் இல்லை, தினமும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘போயிட்டு வாரேன்’ என்று வாயும் முணுமுணுத்திருக்கிறது.

அன்று களத்துக்குப் போகிற வழியெல்லாம், இன்றைக்கு எப்படியும் அதை இறக்கிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டே போனாள்.

மத்தியானம் திடீரென்று மேகம் கூடியது. சித்திரையில் வரும் கோடை மழை. கொப்பரையை அவசரமாக வாரித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மழை பெய்யவில்லை. புழுக்கம்தான் கூடியது. அன்புக்கரசி வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கொக்கியில் தூளி இல்லை. கறியும் இல்லை. தரையில் அந்த எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

தெரு முனையில் கடை வைத்திருக்கும் சாந்தாமணி அவளைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க அம்மணி, உங்க மாமியாரு மம்முட்டியத் தோள்ல போட்டுட்டுப் போறாங்க? இந்தப் புழுக்கத்துல எந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறாங்கன்னு கேட்டேன். பதிலே சொல்லலை. இடுப்புல ஏதோ கொழந்தையாட்டச் சேலையில சுத்தி வெச்சிருந்தாங்க.”

“எந்தப் பக்கங்க போனாங்க?”

“உங்க கல்லறைத் தோட்டத்துப் பக்கந்தான்.”

அன்புக்கரசி ஓடினாள். வேலைப் பை தோளிலேயே கிடந்து விலாவில் இடித்துக்கொண்டே வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. வேலி ஓரத்து வேப்பமரத்தடியில் பிரான்சிஸின் மேடு. இன்னும் சிமெண்ட் பூசவில்லை. மரச்சிலுவையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தாள் கருப்பாத்தாள். தூளிச்சேலையோடு அந்தக் கறியை வேப்பமர நிழலில் பத்திரமாகக் கிடத்தியிருந்தாள். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தோட்டத்தில் மண் வெட்டிய கை. மூச்சு வாங்கியது, நிற்கவில்லை.

“அத்தை! என்னங்க அத்தை இது?”

“அக்கட்டப் போ அம்மணி.”

“நிறுத்துங்க! யாராச்சும் பாத்தா என்னாகும்?”

“பாக்கட்டும். நானும் பாக்கோணும். எம் பையன் ஊட்டுல இருக்கறான், எங்கிட்ட இருக்கறான். அப்ப இந்தப் பொட்டிக்குள்ள யாரு? யாரு பெத்த புள்ளைக்கோ நாம அழுதுட்டு இருக்கறோம். அந்தப் புள்ளையோட அம்மாளுக்குத் தெரிய வேண்டாமா?”

மண்வெட்டி மறுபடி இறங்கியது. அன்புக்கரசி குழிக்குள் குதித்து அதன் காம்பைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். கருப்பாத்தாள் சறுக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழ முடியாமல், மண்ணைக் கையால் வாரி வெளியே போட ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்ததும் அன்புக்கரசிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மண்வெட்டியைத் தூர எறிந்தாள். மேலே ஏறிப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். சேலையை விலக்கி அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பைக்குள் தேங்காய்ப் பருப்பு நோண்டும் கத்தி இருந்தது. எடுத்தாள்.

“வேண்டாம்டீ!” கருப்பாத்தாள் குழிக்குள் இருந்து அலறினாள். “வேண்டாம் கண்ணு! அவனுக்கு வலிக்கும்!”

அந்தச் சொல்லில் அன்புக்கரசியின் கை நின்றுவிட்டது. மடியில் இருந்தது கனமாக, புழுக்கத்தின் சூட்டோடு இருந்தது. கத்தி நுனி படும் இடத்தில் தோல் இலேசாகத் துடிக்கிற மாதிரி இருந்தது. தன் கை நடுங்குவதால்தான் அப்படித் தெரிகிறது என்று அவள் அறிவாள். அறிந்தும் நம்ப முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். “என்னங்க, மன்னிச்சுக்கோங்க,” என்று சொல்லிவிட்டுத் தையல் போட்ட இடத்தில் கத்தியை அழுத்தினாள்.

தோல் கெட்டியாக இருந்தது. அறுக்க அறுக்க நார் மாதிரி இழுத்தது. பிறகு ஒரேயடியாக உள்ளே இறங்கியது. இரண்டு பாதியாகப் பிரித்தாள்.

உள்ளே ஆழ்ந்த சிவப்பு. நடுநடுவே கொழுப்பு வெள்ளை வெள்ளையாக. கெடவில்லை. ஒரு துளி கூடக் கெட்டுப்போகவில்லை. பூண்டுத் துணுக்குகள், கருமிளகு. அதற்கிடையே இன்னும் ஏதோ பழுப்பாக உருண்டையாகத் தெரிந்தது. விரலால் நோண்டி எடுத்துப் பார்த்தாள். முழுக் கொத்தமல்லி.

கருப்பாத்தாள் குழியை விட்டுத் தவழ்ந்து ஏறி வந்திருந்தாள். மண் படிந்த முகத்தோடு அந்த இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ தேடினாள். எலும்பு, முகம், கண், என்னவோ. அங்கே கறி மட்டும்தான் இருந்தது.

“இது என்ன?” என்றாள்.

“கொத்தமல்லிங்க அத்தை. நீங்க குடுத்து உட்டதுதான். போன லீவுல வந்துட்டுப் போறப்ப முறத்துல புடைச்சு, டப்பாவுல கட்டிக் குடுத்தீங்கல்ல. உப்பு, பூண்டு, மிளகுன்னுதான் அந்தத் தம்பி சொன்னாரு. அவருதான் போட்டிருக்கறாரு.”

அன்புக்கரசி ஓரத்தில் மெல்லியதாக ஒரு துண்டு அறுத்து அத்தையின் வாயருகே நீட்டினாள். கருப்பாத்தாள் வாயைத் திறக்கவில்லை. முகர்ந்தாள். அப்புறம் கையில் வாங்கினாள். வெகுநேரம் உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டாள்.

மெதுவாக மென்றாள். முகம் சுளித்தது.

“உப்பு,” என்றாள். “உப்ப அள்ளிக் கொட்டிப்போட்டிருக்கான் பாரு.”

அன்புக்கரசியும் ஒரு துண்டு வாயில் போட்டாள். புகை, பூண்டு, கொழுப்பு எல்லாவற்றுக்கும் மேலே நாக்கைக் கடிக்கிற உப்பு.

“நான் காட்டுவேலைக்குப் போயிட்டா சின்னதுல அவந்தான் ஒலை வெப்பான்,” என்றாள் கருப்பாத்தாள். “ஒரு நாளாச்சும் உப்பு அளவாப் போட்டானா? அள்ளி அள்ளித்தான் போடுவான். பசியில நானும் ஒண்ணும் சொல்லாமத் திம்பேன். இங்க பாரு, இத்தன வயசாயி, எங்கயோ சீமையில போயி நின்னுட்டும்...”

அங்கேயே பேச்சு நின்றது. வாயில் இருந்ததை விழுங்கினாள். அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்தாள்.

“செத்துப் போயிட்டானா அம்மணி?”

“ஆமாங்க அத்தை.”

“அந்தப் பொட்டிக்குள்ள அவந்தானா?”

“அவருதானுங்க.”

கருப்பாத்தாள் வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது. ஜனவரியிலிருந்து அடைபட்டுக் கிடந்த அழுகை. வேலிக்கு வெளியே ரோட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்தில் அழுவது புதிதில்லை என்று கிளம்பிப் போனார்.

அழுது ஓய்ந்ததும் இரண்டு பேருமாக மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள். கடைசிப் பிடி மண்ணைக் கருப்பாத்தாள் கையால் போட்டாள். போட்டுவிட்டுச் சிலுவைக் குறி இட்டாள். அன்புக்கரசி சிலுவையை நட்டு, காலால் மிதித்து இறுக்கினாள். பிறகு, மீதிக் கறியை இங்கேயே புதைத்துவிடலாமா என்று கேட்டாள்.

“திங்கறதுக்குச் செஞ்சத மண்ணுல போடறதா?” என்றாள் கருப்பாத்தாள். குரல் கரகரத்திருந்தாலும் பழைய அதட்டல் அதில் இருந்தது. “அடக்கத்துக்கு வந்தவங்களுக்குக் காப்பித்தண்ணி கூடக் குடுக்கலை நாம. எடு.”

அடுத்த நாள் வெங்காயம் வதக்கி, தேங்காய்ப் பல் போட்டு, உப்பே சேர்க்காமல் வறுத்தார்கள். அடக்கத்துக்கு வந்திருந்தவர்களில் கறி சாப்பிடும் வீடுகளுக்கெல்லாம் கருப்பாத்தாள் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். “எம் பையன் செஞ்சது. போறதுக்கு முந்திச் செஞ்சது,” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று அழுதாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ஷாஹுல் போனில் கேட்டுவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ்,” என்றான். யோனாஸ் கிழவர் தினமும் விசாரிப்பதாகச் சொன்னான். பதம் எப்படி இருந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

“நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க தம்பி. உப்புத்தான் கொஞ்சம் முன்ன நின்னுதுன்னு சொல்லுங்க.”

ஷாஹுல் சிரித்தான். “தாத்தா அன்னிக்கே கத்தினாருங்க அக்கா. அண்ணன் கேக்கலை.”

கருப்பாத்தாள் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிந்து கல்லறைக்குப் போகிறாள். மகனைப் பற்றிப் பேசும்போது இருந்தான், சொன்னான், செய்தான் என்றுதான் பேசுகிறாள். சிமெண்டுப் பூச்சுக்கு ஆள் பேசி வைத்திருக்கிறாள். ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

“கறி எல்லாந் தீந்து போச்சா அம்மணி?”

“தீந்து போச்சுங்க அத்தை,” என்றாள் அன்புக்கரசி.

ஒரு துண்டு மீதி இருந்தது. விரல் நீளம்தான். வறுப்பதற்கு நறுக்கும்போதே அவள் கை அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டது. முந்தானையில் முடிந்து, பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, களத்துக்குக் கொண்டுபோனாள். மத்தியானம் எல்லோரும் நிழலில் சாப்பிட உட்காரும்போது அவள் கொப்பரைக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். மூடியைக் கொஞ்சமாகத் திறப்பாள். வெயிலில் காயும் அத்தனை தேங்காய் வாசத்தையும் விலக்கிக்கொண்டு அந்தப் புகை எழுந்து வரும். முதுகுக்குப் பின்னால், மிக நெருக்கத்தில், ஒருவர் வந்து நிற்பார். அவள் திரும்ப மாட்டாள். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேலைக்குக் கூப்பிடும் வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, மூடியை அழுத்தி மூடி எழுந்து போவாள்.